படகு விடும் குட்டையின் மண்கரை: ஐப்பசி மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. தோட்டத்திலோ விடுதியிலோ படகு விடவும் தூண்டில் போடவும் மண்கரை எழுப்பித் தண்ணீர் தேக்கியிருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். பெரும்பாலும் 3, 4 மீட்டர் உயரக் கரைகள். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு முதலிய சில வரம்புகளைத் தாண்டியவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். ஆகவே அந்தச் சட்டப்படி உங்கள் கரையைப் பார்வையிட யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

முதலில் கலிங்கை, அதாவது குட்டை நிறைந்த பின் மிகுதி நீர் வழிந்தோட விட்டிருக்கும் வழியைப் பாருங்கள். மண்கரைக்கு ஆகவே ஆகாதது, தண்ணீர் அதன் மேலேறி வழிவது. வெளிச்சரிவில் இறங்கும் நீர் வேகம் பிடித்துக் கரையடியைக் குடையும். குடைந்த பள்ளம் மேல்நோக்கி ஏறிக் கரையின் மேல்தளத்தை அறுத்துவிட்டால், தேங்கிய தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியாகத்தான் போகும். அதன் பிறகு மணல் மூட்டை எதற்கும் உதவாது.

ஒரு கணக்கு சொல்கிறோம். உங்கள் குட்டைக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம் 20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர் என்று வையுங்கள். மணிக்கு 75 மி.மீ. வீதம் மழை கொட்டி, அதில் பாதி ஓடி வந்தால், விநாடிக்குச் சுமார் 2,100 லிட்டர் உள்ளே வரும். 3.5 மீட்டர் அகலக் கலிங்கு அதை 50 செ.மீ. ஆழத்தில் வெளியேற்றிவிடும். கலிங்கு மட்டத்துக்கும் கரையின் மேல்தளத்துக்கும் 1 மீட்டர் இடைவெளி இருந்தால் இன்னும் 50 செ.மீ. மிச்சம். இப்போது, வளர்ப்பு மீன் போய்விடுமே என்று கலிங்கின் குறுக்கே நைலான் வலை கட்டுகிறீர்கள். முதல் வெள்ளத்தோடு வரும் சருகும் சுள்ளியும் ஆகாயத்தாமரையும் அதில் பாதியை அடைத்துவிடும். அதே தண்ணீர் மீதிப் பாதி வழியாகப் போக வேண்டுமென்றால் ஆழம் 79 செ.மீ. ஆக வேண்டும். மிச்சம் 21 செ.மீ. நடுக்கரை நாளாவட்டத்தில் 20 செ.மீ. அமுங்கியிருந்தால் அதுவும் போயிற்று. காற்றில் எழும் ஓர் அலையே போதும்.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணையைப் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்று ஏரி உல்லாசத்துக்காக வைத்திருந்தது. 72 அடி உயரம், 931 அடி நீளம். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பிவலை கட்டினார்கள். வண்டிகள் போக வசதியாகக் கரையின் மேல்தளத்தைத் தாழ்த்தினார்கள். தண்ணீரை இறக்க அடியிலிருந்த இரும்புக் குழாய்களை முன்பே யாரோ கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருக்க, திரும்பப் பொருத்தவே இல்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் தண்ணீர் கரைமேல் ஏறியது. கீழே சுமார் 22 கி.மீ. தொலைவில் இருந்த ஜான்ஸ்டவுன் நகரமும் வழியிலிருந்த ஊர்களும் அழிந்தன, 2,209 பேர் இறந்தார்கள். வலை, தாழ்ந்த மேல்தளம், திறக்க முடியாத அடிமடை (கரைக்கு அடியில் தண்ணீரை வெளியே விடும் குழாய்). இந்த மூன்றையும்தான் உங்கள் கரையிலும் தேடச் சொல்கிறோம்.

வலையைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: மழைக்காலம் முடியும்வரை கலிங்கில் எதுவும் இருக்கக் கூடாது. மீன் போனால் தை மாதத்தில் குஞ்சு வாங்கி விட்டுக்கொள்ளலாம். கலிங்கின் மேல் போட்ட நடைபாலத்தின் கால்களும் சருகைப் பிடித்துக் கொள்ளும். நடுவில் கால் இல்லாமல் ஒரே வீச்சில் போட்ட பாலம்தான் சரி. கலிங்கு ஓடும் வாய்க்கால் கரையடியைத் தொடாமல் தள்ளிப் போய் விழ வேண்டும் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது மேல்தளம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டத்தை வைத்து, கலிங்கு மட்டத்திலிருந்து தொடங்கி 10 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்துக் குறித்து வையுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கரையில்கூட ஒரு சாண் பள்ளம் ஒளிந்திருக்கும். புதுக் கரைக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதல் உயரம் விடுவது இந்த அமுக்கத்துக்காகத்தான். பள்ளத்தை நிரப்பும்போது புல்லைச் செதுக்கி எடுத்து, பழைய மண்ணைக் கொத்திக் கிளறி, 15 செ.மீ. அடுக்காகப் போட்டு ரோலரால் இறுக்க வேண்டும். ஈரம் சரியா என்று அறிய ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் ஒட்டிப் பிசுபிசுத்தால் ஈரம் அதிகம், ஒரு நாள் ஆறவிடுங்கள். கரிசலை மேலடுக்காகப் போடாதீர்கள். கோடையில் வெடித்து, முதல் மழைத் தண்ணீரை நேரே கரைக்குள் இறக்கிவிடும். கரையின் நீளவாக்கில் உள்ள வெடிப்பைவிடக் குறுக்கே ஓடும் வெடிப்பு ஆபத்தானது, உள்பக்கத் தண்ணீருக்கு அது நேர்வழி ஆகிவிடும்.

விடுதிக் கரைகளில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, அலங்கார விளக்குக்காகக் கரையில் பள்ளம் தோண்டிக் கேபிள் பதிப்பது. தோண்டிய மண்ணைத் தள்ளி மூடினால் அது ஒருபோதும் பழைய இறுக்கத்துக்கு வராது. கேபிள் பதிப்பதானால் கரைக்கு வெளியே. பந்தல் கால், ஊஞ்சல் கம்பம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

அடிமடைக் குழாயின் வால்வை மாதம் ஒருமுறை முழுக்கத் திறந்து மூடுங்கள். திறக்காமலே விட்ட வால்வு, தேவைப்படும் இரவில் அசையாது. தண்ணீரைக் குறைக்கும்போது நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். நனைந்த உள்சரிவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நீர் திடீரென்று விலகினால், சரிவு அப்படியே சரிந்து உள்ளே விழும். குழாய் வெளியே வரும் இடத்தில் அதைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறதா, கலங்கல் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். குழாய்க்கு அடியில் மண்ணை இறுக்குவது கடினம், கசிவு முதலில் அந்த வழியைத்தான் பிடிக்கும்.

கசிவு இல்லாத மண்கரை கிடையாது. தெளிந்த தண்ணீர் மாறாத அளவில் வந்தால் பயமில்லை. வாரம் ஒருமுறை 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அன்றைய குட்டை மட்டத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலோ, தண்ணீர் கலங்கி வந்தாலோ, கரையின் உள்மண் வெளியேறுகிறது என்று பொருள். வெளிப்பக்கத்தில் மணலைக் கக்கிக்கொண்டு ஊற்று கிளம்பினால், அதைச் சிமென்ட்டாலோ தார்ப்பாயாலோ அடைக்கப் பார்க்காதீர்கள். அடைத்த நீர் பக்கத்தில் வேறு வழி தோண்டும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீர் சற்று உயரவிட்டு, முதலில் மணல், அதன்மேல் குருணை ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி போடுங்கள். தண்ணீர் வெளியே வரட்டும், மண் மட்டும் வரக் கூடாது. கையோடு அடிமடையைத் திறந்துவிட்டு எங்களை அழையுங்கள்.

கரையில் மரம் வேண்டாம். தென்னை, சவுக்கு, சீமைக்கருவேலம் எதுவானாலும் பட்டுப்போன பிறகு அழுகிய வேர் இருந்த இடம் கசிவுக்குக் குழாயாகிவிடும். அருகம்புல், வெட்டிவேர் போதும். பெரிய மரம் ஏற்கெனவே நின்றால் மழை வாசலில் வேரோடு பிடுங்கிவிடாதீர்கள், கோடையில் மட்டத்தை இறக்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. எலி, நண்டு வளைகளுக்கு 9 பங்கு களிமண்ணும் 1 பங்கு சிமென்ட்டும் கரைத்த குழம்பை, வளை நிறைந்து ததும்பும்வரை ஊற்றுங்கள்.

கரைக்குக் கீழே நடந்து போய்ப் பாருங்கள். நீங்கள் கரை போட்டபோது இல்லாத வீடு, தொழிலாளர் குடியிருப்பு, கோழிப்பண்ணை இப்போது ஓடையோரம் வந்திருக்கலாம். அந்த வீட்டாரின் தொலைபேசி எண்கள் உங்கள் காவலாளியிடம் இருக்க வேண்டும். கரைமேல் தண்ணீர் ஏறப் போகிறது என்று தோன்றினால், முதல் வேலை அவர்களை மேட்டுக்கு ஏற்றுவது. பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 அல்லது மாநில எண் 1070. பதற்றத்தில் நடுக்கரையை ஜேசிபியால் வெட்டிவிடாதீர்கள், உடைப்பை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

விருந்தினர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: அடிமடை வாய்க்கும் கலிங்குக்கும் 10 மீட்டருக்குள் நீச்சலும் படகும் கூடாது. மிதவைக் கயிறு கட்டிவிடுங்கள். மடை திறந்திருக்கும்போது மேலே சலனமே தெரியாது, உள்ளே இழுப்பு இருக்கும்.

கலிங்கின் அகலம், கலிங்கு மட்டத்திலிருந்து கரையின் மிகத் தாழ்ந்த புள்ளி எவ்வளவு உயரம், தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பு ஆகிய மூன்றையும் குறித்து, கலிங்கின் ஒரு படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் கலிங்கு போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறோம், இதற்குக் கட்டணம் இல்லை. ரோலர் வேலை தேவைப்படுவோர் மழை பிடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள். ஊறிய மண்ணை எந்த ரோலராலும் இறுக்க முடியாது.

இப்படிக்கு,
மண்கரை, குட்டை வேலைகள் செய்யும் உங்கள் நிறுவனத்தார்