எல்லாப் பழியும் பெட்ரோல் மேல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பிக்கப் இழப்பதற்கு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று இந்தப் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. அதில் பாதிதான் சரி. 20 சதவீத எத்தனால் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 6, 7 சதவீதம் ஆற்றல் குறையும், மைலேஜும் அடிவாங்கும். ஆனால் அந்தக் குறை எந்நேரமும் இருக்க வேண்டியது. காலையில் நன்றாக ஓடிவிட்டு, மதியம் கத்திப்பாரா பாலம் ஏறும்போது மட்டும் திணறி, ஐந்து நிமிடம் ஓரங்கட்டி எடுத்தால் மறுபடி சரியாகிவிடும் காருக்கு வியாதி வேறு.

இப்படி வந்து வந்து போகும் பழுதில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கார் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் பழுது மறைந்துவிடும். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஊகத்தில் முதலில் பிளக், அடுத்த வாரம் ஃபில்டர், அதற்கடுத்து பம்ப் என்று மாற்றுவார்கள். பழுது இருக்கும் நேரத்தில் அளக்காத வரை கண்டுபிடிக்க முடியாது.

முதலில் வண்டிக்காரர் கவனித்துச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது, இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், பழுது சூட்டிலா, ஏற்றத்திலா, மழையிலா, டேங்க் காலியாகும்போதா, எப்போது வருகிறது என்று குறித்து வைக்க வேண்டும்.

ஏற்றத்திலும் முழு ஆக்சிலேட்டரிலும் மட்டும் திணறினால் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதிய அளவு போய்ச் சேரவில்லை. எத்தனாலுக்கு இங்கே பங்கு உண்டு. டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடும். அந்தக் கசடு பம்பின் அடியில் உள்ள வலைச் சல்லடையில் போய் ஒட்டுகிறது. வண்டியை நிறுத்தியதும் உறிஞ்சல் நின்று, ஒட்டியது உதிர்ந்துவிடும். சிறிது நேரம் கழித்து எடுத்தால் நன்றாக ஓடுவதன் ரகசியம் இதுதான். திணறும்போது ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி சரியாக ஓடினால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் அதிகம் கலந்திருந்தால் அடியில் தனி அடுக்காகத் தெரியும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், பக்கத்தில் பீடி, சிகரெட்டும் வேண்டாம்.

பம்பை மாற்றும் முன், பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.பி.எஃப்.ஐ. கார்களில், அதாவது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் கார்களில், பெரும்பாலும் 3 பார் (அழுத்த அலகு) அளவை ஒட்டி இருக்கும், சரியான அளவு அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சரியாகக் காட்டுவதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கேஜை வண்டிக்கு வெளியே, முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, பாலம் ஏற்றிப் பார்க்க வேண்டும். திணறும் நொடியில் முள் இறங்கினால் கோளாறு பெட்ரோல் வழியில். அப்போதும் பம்ப்தான் என்று முடிவுகட்டாமல், பம்ப் கப்ளரில் (ஒயர் சொருகும் இணைப்பில்) வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலேயோ ஒயரிங்கோதான் குற்றவாளி, புது பம்பும் அதே மாதிரிதான் திணறும்.

சென்னையில் எர்த் ஒயரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் நிற்கும் கார்களில் உப்புக்காற்று இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைத் தின்றுவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் லக்கின் (ஒயர் முனையில் போல்ட் போடும் வளையத்தின்) அடியில் பச்சைப் பூஞ்சை மாதிரி பொடி பூத்திருக்கும். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார்களின் கப்ளர்களுக்குள்ளும் இதே பச்சைதான், மாதங்கள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் லக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். தேய்மானம் அதிகமென்றால் பட்டையையே மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

நெரிசலில் ஊர்ந்து சூடேறிய பிறகுதான் வருகிறதென்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது இன்ஜின் சுற்றைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். வண்டி உருளும்போதே ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். மழை ஈரத்தில் மட்டும் வந்தால், இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்கள் மேல் கைபடாமல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடும். ட்ராட்டில் பாடி கரி, வேக்கம் ஹோஸ் விரிசல் இவற்றை எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார்.

பலர் மறப்பது, சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு 1995 முதலே அது கட்டாயம். உள்ளிருக்கும் தேனடை மாதிரியான பாகம் உடைந்து உருண்டால் ஒரு சமயம் புகைவழியை அடைக்கும், ஒரு சமயம் விலகிவிடும். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் தட்டினால் கடகடக்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்கம் கேஜில் 2,500 ஆர்.பி.எம். பிடித்து நிற்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினாலும் அடைப்புதான்.

ஒர்க்‌ஷாப் பில்லில் பாகத்தின் பெயரோடு பிரஷர், வோல்டேஜ் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பம்பை மாற்றினோம் என்பவரிடம், அதன் சல்லடையைக் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்ப்பவர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33