ஒரு குட் மார்னிங் துண்டுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். என்ன நடந்தது என்று திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த இரவு முழுக்கப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எங்களோடு விழித்திருந்தவர்கள். இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார், இடது கையால் ரிமோட்டைப் பிடித்து வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிறார். வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பேச்சும் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. ராத்திரி முறை போட்டு மாறி மாறி உட்கார்ந்த தம்பிமார்கள், ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் ரசம் கொண்டுவந்த அக்கா, கோலாலம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்த சித்தப்பா பிள்ளைகள், பேர் போட வேண்டாம் என்று சொல்லிப் பணம் அனுப்பியவர்கள், அர்ச்சனை செய்து திருநீறு கொடுத்தனுப்பியவர்கள், முகம் சுளிக்காத தாதிமார்கள். பேர் பேராகச் சொல்ல ஆரம்பித்தால் ஒருவர் விட்டுப்போய், அடுத்த கல்யாணம் வரைக்கும் அது பேச்சாக இருக்கும். அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, 1974-ல் அவர் பழுது பார்த்துக் கொடுத்த டிவியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருக்கும் நன்றி. அப்பா பாதியிலேயே தூங்கிவிட்டார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக. அவர் பெயர் எனக்குத் தெரியாது. தமிழும் அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான்காவது ராத்திரி. மணி ஒன்றுக்கு மேல் இருக்கும். அப்பா எதையோ கேட்கிறார், எங்களுக்குப் புரியவில்லை. வாயிலிருந்து வருவது சத்தம்தான், சொல் இல்லை. நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு புதிர்ப் போட்டி நடத்துகிற மாதிரி கேட்கிறோம்: தண்ணியா? தலையணையா? ஒண்ணுக்கு வருதா? ஒவ்வொன்றுக்கும் கோபம் ஏறியது. இடது கையால் கட்டிலை அறைந்தார். டிரிப் ஊசியைப் பிடுங்கப் போனார். அண்ணன் அந்தக் கையை அழுத்திப் பிடித்தான். அதை மட்டும் நான் மறக்க நினைக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர். அவருக்குத் துணையாக இருந்த மகளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நாலு நாளில் எங்களுக்குள் மலாயில் 'சுடா மக்கான்?' (சாப்பிட்டாச்சா?) என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை. அந்த அக்கா எழுந்து வந்தார். தோளில் கிடந்த குட் மார்னிங் துண்டை எடுத்தார். கோப்பிக் கடைகளில் எல்லாம் தொங்குமே, சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைத் துண்டு, அதுதான். கையை முஷ்டியாக்கி அதன்மேல் துண்டைச் சுற்றினார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவிக் கழுத்தில் மாட்டினார். இரண்டு நுனியை மேலே இழுத்துவிட்டார். காது வந்துவிட்டது.

அந்தத் துண்டு கட்டில் கம்பிக்குக் கீழே இருந்து மெதுவாக எட்டிப் பார்த்தது. அப்பா அறைவதை நிறுத்தினார். துண்டு ஒளிந்துகொண்டது. மறுபடி எட்டிப் பார்த்தது. அப்புறம் அக்காவின் காதுக்குப் போய் எதையோ குசுகுசுத்தது. அக்கா "ஓ... ஓ..." என்று தலையாட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "அங்கிள், டியா தான்யா, அங்கிள் மாரா சியாப்பா?" யார்மேல் கோபம் என்று அது கேட்கிறதாம்.

பிறகு துண்டு தன் காதை அப்பாவின் வாயருகே கொண்டுபோய் வைத்தது. வைத்தபடியே இருந்தது. அவசரமே இல்லை. அப்பா குழறிக் குழறி நீளமாக ஏதோ சொன்னார். துண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அக்காவின் காதுக்குத் திரும்பியது.

"அங்கிள் சக்காப், லம்பு," என்றார் அக்கா.

விளக்கு! தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் நாலு நாளாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் பினாங்கு டத்தோ கிராமட் சாலையில் டிவி பழுது பார்த்த மனிதரைக் கொண்டுபோய் அதன் அடியில் படுக்க வைத்திருந்தோம். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா எதிரே உட்கார்ந்து, அவர் கண் போய்ப் போய் வந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். தாதி வந்து அந்த விளக்கை அணைத்தார். துண்டு மறுபடி அப்பாவிடம் போய், இப்போது சரியா என்பது போலத் தலையைச் சாய்த்தது.

"போடா," என்றார் அப்பா.

நாலு நாளில் முதல் சொல். அட்சரம் பிசகாமல் வந்தது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே, அக்காதான் முதலில் சிரித்தார். அப்பாவும் பாதி வாயால் சிரித்தார். அண்ணன் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

இது எங்களை ஏன் இவ்வளவு உலுக்கியது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் கரடி இருந்தது. தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து போயிருந்த அத்தை 1975-ல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த கையுறைப் பொம்மை. பெயர் சூட்டி. அங்கே பிள்ளைகளுக்கான டிவி நிகழ்ச்சி ஒன்றின் நாயகன். ஹாரி கார்பெட் என்பவர் 1948-ல் பிளாக்பூல் கடற்பாலத்துக் கடையொன்றில், விடுமுறையில் தன் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஒரு சாதாரணக் கரடியை வாங்கியிருக்கிறார். 1952-ல் அது பிபிசிக்கு வந்தது. அன்றைக்குக் கறுப்பு வெள்ளை டிவி. மஞ்சள் கரடி வெளிறித் தெரியுமே என்று காதிலும் மூக்கிலும் கரியைப் பூசினார். ஆங்கிலத்தில் கரிக்குச் 'சூட்' என்று பெயர், அதுவே கரடிக்கும் பெயராகிவிட்டது. டிவிக்காரரான அப்பாவுக்கு அந்தக் கரி விஷயம் ரொம்பப் பிடிக்கும். "படம் தெளிவா வர்றதுக்கு டிரான்ஸ்மிட்டரை மாத்தல பாரு, காதை மாத்தினான்," என்பார்.

அத்தை ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்தார்: சூட்டி யாரிடமும் வாய்விட்டுப் பேசாது. கார்பெட்டின் காதில்தான் சொல்லும். அவர் கேட்டு நமக்குச் சொல்ல வேண்டும். அப்பா கடையில் அதைக் கையில் மாட்டிக்கொண்டு அதே சட்டப்படி நடத்துவார். கரடி காதில் சொல்லும். அப்பா முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "இந்த டிவிக்காரர் மூணு மாசமா காசு கொடுக்கலையாம்," என்பார். எதிரே அந்த டிவிக்காரர் நிற்பார். நாங்கள் உருண்டு சிரிப்போம். கடன் வசூலானதா என்பது ஞாபகமில்லை.

நாங்கள் மூன்று பேரும் அந்த நிகழ்ச்சியை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். இதில் வேடிக்கை, நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. அண்ணன் மட்டும் டிவியில் பார்த்தேன் என்று இன்றும் சத்தியம் செய்வான். அவன் பார்த்தது அப்பாவின் கையை என்பது என் கட்சி. மருத்துவமனை வராந்தாவில் விடிய விடிய நாங்கள் சண்டை போட்டது இதைப் பற்றித்தான். வேறு எதைப் பேசவும் தைரியம் இல்லை. செசமி ஸ்திரீட் என்ற அமெரிக்கப் பொம்மை நிகழ்ச்சியில் குப்பைத் தொட்டிக்குள் வாழும் ஆஸ்கர் பச்சை நிறம் என்றும், 1976-லேயே தன் கண்ணால் பார்த்ததாகவும் தங்கை சொன்னாள். இந்த நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்ததே 1978 டிசம்பர் 28-ல். எங்கள் வீட்டுக்கு வண்ணம் வர அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஆனது. ஊர் டிவியெல்லாம் பார்ப்பவர் வீட்டு டிவி கடைசியில்தான் மாறும். எங்கள் பெட்டியில் ஆஸ்கர் சாம்பல் நிறம், அதே நிகழ்ச்சியில் வரும் பெரிய பறவையும் சாம்பல் நிறம். 1969-ல் முதல் ஆண்டில் ஆஸ்கர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, அடுத்த ஆண்டுதான் பச்சையானது என்று போனில் தேடிக் காட்டினேன். தங்கை என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் பேச்சுப் பயிற்சியாளர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். சொற்கள் உள்ளே இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பாட்டு, எண்கள், திட்டு இதெல்லாம் சிலருக்கு முதலில் வரும் என்றார். 'போடா' வந்த வழி அப்போதுதான் புரிந்தது. அவர் விளக்க விளக்க எனக்கு அப்பாவின் பழைய பாடம் ஒன்று ஓடியது. தண்டர்பேர்ட்ஸ் என்ற டிவித் தொடரின் பொம்மைகள் எப்படிப் பேசுகின்றன என்று ஒருமுறை படம் போட்டுக் காட்டினார். குரலை முன்னாலேயே பதிவு செய்துவிடுவார்கள். அந்த மின்சாரம் கம்பி வழியே பொம்மையின் தலைக்குள் இருக்கும் சின்ன மின்காந்தத்துக்குப் போகும். அது கீழ் உதட்டை இழுக்கும். அந்தக் கருவியை வைக்க இடம் வேண்டும் என்றுதான் பொம்மைகளுக்குத் தலை அவ்வளவு பெரிது. 1967-ல் அதே ஆட்கள் கேப்டன் ஸ்கார்லெட் தொடரை எடுத்தபோது கருவியை மார்புக்கு இறக்கினார்கள், தலை மனிதருக்கு இருப்பதுபோல உடம்புக்கு ஏற்ற அளவுக்கு வந்தது. "முதல்ல குரல், அப்புறம்தான் வாய்," என்று முடித்தார். இப்போது அவருக்கு வாய் அசைகிறது, குரலும் வருகிறது, நடுவில் எங்கோ ஒரு ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்த்துப் பற்றவைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அக்காவிடம் மறுநாள் விடிகாலையில் கொஞ்சம் பேசக் கிடைத்தது. துண்டு வித்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கோயில் திருவிழாக்களில் ஆடும் பொத்தேஹியாம். மரத்தலையும் துணி உடம்புமாக ஹொக்கியன் கையுறைப் பொம்மைகள். பினாங்கில் நீங்களும் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் பாட்டியோடு போய் மேடைக்குப் பின்னால் நின்று பார்ப்பாராம். சாமிக்காக ஆடுவது, எதிரே ஆளே இல்லாவிட்டாலும் ஆடி முடிக்க வேண்டும் என்றார். கதையில் என்றால் அந்தச் சிறுமி எங்கள் கடை வாசலில் நின்றும் டிவி பார்த்திருப்பாள். இல்லை, கேட்டுவிட்டேன். அவர் ஆயர் ஈத்தாம்காரர், எங்கள் பக்கம் வந்ததே கிடையாது.

அன்று மத்தியானம் நான் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அக்காவின் அப்பாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். துண்டு மட்டும் எங்கள் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, ரப்பர் பேண்டோடு. தாதிகளிடம் கேட்டேன். மற்ற நோயாளி விவரத்தைத் தர முடியாது என்றார்கள், நியாயம்தான்.

ஹாரி கார்பெட்டுக்கு 1975 கடைசியில் மாரடைப்பு வந்தது. கரடி வாங்கிய வருஷம் கைக்குழந்தையாக இருந்த மகன் மேத்யூ, 1976-ல் அந்தக் கையுறைக்குள் கையை விட்டார். எனக்கு ஐம்பத்தேழு வயது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நானும் விடுகிறேன். பேரப் பிள்ளைகள் எதிரே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்: அப்பாவின் வாக்கியத்தை நான் முடித்து வைக்கப் போவதில்லை. துண்டின் காது அங்கேயே இருக்கும், அவர் முடிக்கும் வரை.

ஆயர் ஈத்தாம் பக்கம் சீன நண்பர்கள் உள்ளவர்கள் இதை அவர்களிடம் வாயால் சொல்லிப் பரப்பினால் உதவியாக இருக்கும். துண்டைத் துவைத்து வைத்திருக்கிறோம்.

நேற்றிரவு அப்பா துண்டின் காதில் வெகு நேரம் ஏதோ சொன்னார். நான் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். அது கட்டிலுக்கு இடப்பக்கம், இப்போது துணி மூட்டை கிடக்கும் மூலைக்குப் போய்ப் போய் வந்தது. வார்டில் அந்தப் பக்கம்தான் பெரியவரின் கட்டில். "சீன அங்கிளா?" என்று கேட்டது துண்டு. அப்பா தலையாட்டினார்.

அக்கா, உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?