பால் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாகக் கடைக்கு வருகிறவர்கள் மாற்றி மாற்றி இரண்டே கேள்விகளைக் கேட்கிறீர்கள். சனி ஞாயிறு என்றால் எட்டு மணிக்கே பால் தீர்ந்துவிடுகிறதே, எல்லாவற்றையும் பி.டி. (போர்ட்டிக்சன்) ஹோட்டலுக்கு ஏற்றிவிடுகிறீர்களா என்பது ஒன்று. அந்த ஹோட்டல் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் உங்கள் தாத்தா மாட்டோடு நிற்கும் படம் இருக்கிறதே, அந்தக் கடற்கரையையே உங்கள் குடும்பம்தான் உருவாக்கியதாமே என்பது இன்னொன்று. பின்னால் ஆறு பேர் போத்தலோடு நிற்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல முடிவதில்லை. "அப்புறம் சொல்றேன் அக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தே தாரிக் ஆற்றிக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அந்தத் தாள். ஒரு விவசாயக் குடும்பம் கனவு கண்டு, பாடுபட்டு, ஒரு கடற்கரை ஊரை எழுப்பியது என்ற தோரணையில் எழுதியிருக்கிறார்கள். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து பால் கறந்த மனிதருக்குக் கனவு காண எங்கே நேரம்? படத்தை நாங்கள்தான் கொடுத்தோம், அது எங்கள் தப்பு. வரவேற்பறையில் பழைய படங்கள் மாட்டப் போகிறோம் என்று கேட்டார்கள், கொடுத்தோம். கதையையும் அவர்களே எழுதிக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

எங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே போர்ட்டிக்சன் ஊராகிவிட்டது. அதற்கும் முன்னால் பக்கத்து லுக்குட்டை ஆண்ட ராஜா ஜும்மாட் அங்கே ஈயம் தோண்டி, 1847-இல் குன்றின் மேல் கோட்டை கட்டி வாழ்ந்திருக்கிறார். கடல் பக்கத்துக்கு அப்போது அராங் என்று பெயர், கரி என்று அர்த்தம். டிக்சன் என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. 1891-இல் சிரம்பானிலிருந்து துறைமுகத்துக்கு ரயில் வந்தது. 1933 மார்ச் மாதம் 25 மலாய் இளைஞர்களோடு அங்கேதான் மலாய் ரெஜிமெண்ட் என்ற இராணுவப் படை தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் துரைமார் வந்து ஓய்வெடுக்கக் கடலோரம் பங்களாக்கள் கட்டிப்போட்டன. ஊரை உருவாக்கியவர்கள் என்று படம் மாட்ட வேண்டுமென்றால் தண்டவாளத்துக்குக் கல் உடைத்தவர்களையும் சாலைக்குத் தார் ஊற்றியவர்களையும்தான் மாட்ட வேண்டும். அவர்களுக்குப் படம் எடுத்து வைக்க ஆள் இல்லை.

தாத்தா லுக்குட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மூன்று மாடு. அந்தக் காலத்து நாட்டு மாடுகள், நம்மவர்கள் இந்தியாவிலிருந்து வந்தபோது கூடவே வந்த வழியில் பெருகியவை. ஒரு வேளைக்கு இரண்டு போத்தல் கறந்தாலே பெரிய விஷயம். காலையில் மரத்துக்குப் போகுமுன் கறந்து, பீர் போத்தல்களில் ஊற்றி, போத்தல் வாயில் வாழைச் சருகைச் சுருட்டி அடைத்து, சைக்கிளின் இருபக்கமும் சாக்குப் பையில் தொங்கவிட்டுப் பாட்டியின் தம்பிதான் பி.டி.க்கு மிதிப்பார். இராணுவ முகாம் குடும்பங்கள், நாலாங்கட்டை (நாலாவது மைல்) பங்களாக்கள், இரண்டு மூன்று காப்பிக் கடைகள். சருகு அடைத்த போத்தலை ஒரு துரையம்மா வாங்க மறுத்ததால் அவர் வீட்டுக்கு மட்டும் தக்கை தேடிப் பிடித்தார்களாம். பி.டி.யில் எங்கள் குடும்பத்தின் முதல் "பங்களிப்பு" அதுதான், ஒரு தக்கை.

நிலம் வந்த கதை வேறு. சுதந்திரத்தையொட்டிய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக அறுத்து விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு நடுத்தெருவில் நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டினால் தோட்டத்தில் பங்கு. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தாத்தா அதிலும் கட்டினார், அது போதாதென்று துண்டு போட்டு விற்றவர்களிடமும் ஒரு துண்டு வாங்கினார். சீட்டுப் பணம், பாட்டியின் வளையல், ஒரு பசுவும் கன்றும் விற்ற காசு. கடலுக்கும் சாலைக்கும் நடுவே இரண்டரை ஏக்கர், மணல் பூமி. பால்மரம் சரியாக வராது என்று யாரும் தொடாமல் கிடந்ததால் மலிவு. தோட்டத்தில் எல்லோரும் சிரித்தார்களாம்.

அங்கே தென்னை வைத்தார், மாட்டுக்குப் புல் போட்டார், ஒரு கிணறு தோண்டினார். ஏழு முழத்தில் நல்ல தண்ணீர். கோலாலம்பூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் கடலில் குளிக்க வர ஆரம்பித்த காலம். சாலையிலிருந்து மணலுக்கு எங்கள் நிலத்தின் நடுவேதான் பாதை. உப்புத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு மேலுக்கு ஊற்ற நல்ல தண்ணீர் வேண்டும். பாட்டி வாளிக்குப் பத்து சென் வாங்கினார். தென்னை நிழலில் கார் நிறுத்த ஐம்பது சென். இளநீர் தனி. பிள்ளைகளைக் கூட்டி வருகிற தமிழ்ப்பள்ளி வாத்தியார்களிடம் காசு வாங்கக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம். யாருக்கும் பெரிய திட்டமெல்லாம் கிடையாது, வந்தவர்களுக்கு வேண்டியது எங்களிடம் இருந்தது. கிணற்று வாளியின் கயிறு தேய்ந்து தேய்ந்து கல்லில் விழுந்த பள்ளம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஐந்து வயதில் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டு விளையாடி அடி வாங்கியிருக்கிறேன்.

அதே பாதைதான் பிறகு பிரச்சினையாகியது. இங்கே சிலியாவிலும் அதைப் பற்றிப் பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலே வீண்.

1990-களில் கடலோரம் முழுக்க ஹோட்டல் ஆசை. விவசாயம் என்று கிராண்டில் (நிலப் பட்டாவில்) எழுதியிருக்கும் நிலத்தில் ஹோட்டல் கட்ட முடியாது. நில அலுவலகத்தில் மனுப் போட்டு, மாநில அரசுக்குப் பிரீமியம் கட்டி, கட்டடம் என்று வகை மாற்ற வேண்டும். அதைச் செய்ய எங்களிடம் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. பக்கத்து மனைகளை வாங்கியிருந்த ஒரு கம்பெனிக்குச் சாலைக்கு வர எங்கள் துண்டு வேண்டியிருந்தது. 1996-இல் அப்பா கையெழுத்துப் போட்டார். 10 விழுக்காடு முன்பணம் வந்தது. மிச்சம் வருவதற்குள் 1997-இன் ஆசிய நிதி நெருக்கடி வந்துவிட்டது. நம் நாட்டு வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பு சரிந்தது, வேலை நின்றது, தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. பி.டி. பக்கம் போனவர்கள் அந்தக் காலத்து எலும்புக்கூடுக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். 1998 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்டது. அப்பாவின் பணம் மட்டும் எந்தக் கட்டுக்கும் அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

போதாத குறைக்கு நிப்பா காய்ச்சல். 1998-இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆரம்பித்து, புக்கிட் பெலாண்டோக்குக்கும் பரவி, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, 1999-இல்தான் அது புது வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். நம் மாவட்டத்தின் சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். எங்கள் மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் லோரியில் இராணுவத்தினர் போவதைப் பார்த்தவர்கள் யார் பால் வாங்குவார்கள்? கறந்த பாலைக் கன்றுக்கே விட்டோம், மிச்சத்தைத் தென்னங்கன்றுக்கு ஊற்றினோம். கடைசியில் 11 மாட்டோடு இந்தப் பக்கம் வந்து, செம்பனைக்கு நடுவே மேய்ச்சலுக்கு இடம் பிடித்து, இந்தக் கடையைத் திறந்தோம். நிலத்துப் பாக்கி வேறொரு கம்பெனி கைக்கு மாறி, தவணை தவணையாக வந்தது. அதில் பாதி இந்தக் கூரை.

சரி, பாதை. நிலத்தை விற்கும்போது அப்பா ஒன்று கேட்டார்: ஊர் ஜனம் மணலுக்குப் போகிற பத்தடிப் பாதை அப்படியே இருக்க வேண்டும். தோட்டத்து மக்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த வழியாகத்தான் கடலுக்குப் போவார்கள், அஸ்தி கரைப்பதும் அங்கேதான். வந்திருந்தவர் தலையாட்டினார், கை கொடுத்தார், பழச்சாறு கூட வாங்கிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. வாய்ப்பேச்சு கிராண்டில் ஏறாது. வழி உரிமையை எழுதி நில அலுவலகத்தில் பதிந்திருந்தால்தான் அடுத்து வாங்குகிறவனையும் அது கட்டுப்படுத்தும். இதை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கைமாறிய பிறகு வேலி வந்தது. கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, பெருக்கு நீர் தொடும் கோட்டுக்குக் கீழே உள்ளது மாநில அரசுடையது. ஆனால் மணல் பொதுவாக இருந்து என்ன, மணலுக்குப் போகிற வழியில் காவலாளி நின்றால்?

எங்கள் பாட்டியின் அஸ்தியைக் கரைக்க நாங்களே ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனோம். அப்பா வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. "பணத்தை வாங்கிக்கொண்டு வழியை அடைத்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வருவதில்லை. பாதி உண்மை.

இப்போது அந்த இடத்தை நடத்துகிறவர்கள் புதியவர்கள். மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். காலைப் பசியாறலுக்கு எங்கள் பாலும் தயிரும் வேண்டும், மேசையில் எங்கள் கதையை அட்டையில் போட வேண்டும் என்றார்கள். பால் தருகிறோம், கதைக்கு முன்னால் பத்தடிப் பாதையைப் பதிந்து கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதுவரை தாத்தா படத்தைத் தாளிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம். அச்சடித்தது தீரும்வரை ஓடும் போலிருக்கிறது.

இனி பால் கணக்கு. ஹோட்டலுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு 20 லிட்டர். சனி ஞாயிறு ஒரு சொட்டும் போவதில்லை. அப்படியானால் பால் எங்கே? இரண்டு காரணம். போன வருஷம் கால்நடை இலாகா ஊசி போட வந்த ஒரே வாரத்தில் பல மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுவிட்டோம். மாட்டுக்கு ஏறக்குறைய 280 நாள் சினை, ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்தியாக வேண்டும். அவை ஒன்றாகச் சினையானதால் ஒன்றாகவே வற்றிவிட்டன. வழக்கமாகப் 15 மாடு கறக்கும், 120 லிட்டர். இப்போது 10 மாடு, 80 லிட்டர் தொடுவதே பாடு. இரண்டாவது காரணம் நம் கடை வாசலிலேயே நிற்கிறது. பி.டி.க்குப் போகிற கோலாலம்பூர் கார்கள் பழைய சாலையில் வந்து, பலகையைப் பார்த்து, ஆளுக்கு ஐந்து ஆறு போத்தல் அள்ளிக்கொண்டு போகின்றன. ஆக நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், பால் பி.டி.க்குத்தான் போகிறது. ஆனால் ஹோட்டல் லோரியில் அல்ல, என் கல்லா வழியாக! ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குப் பால் விற்பது பாட்டி காலத்துப் பழக்கம், கை தானாக நீள்கிறது.

அதனால் இந்தச் சனிக்கிழமையிலிருந்து காலை ஒன்பது மணிவரை கடை நோட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் பால். பெயர் இல்லாதவர்கள் வந்து எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு எத்தனை போத்தல் என்றும் சொல்லுங்கள். ஒன்பதுக்கு மேல் மிச்சமிருந்தால் வெளியூர்க்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு போத்தல். வெள்ளிக்கிழமை கோயில் அபிஷேகப் பாலுக்கு எப்போதும் போலக் காசு இல்லை, முதல் நாள் சொல்லிவிட்டால் போதும். விலை லிட்டர் 8 வெள்ளி, அதில் மாற்றமில்லை. செம்பனைப் பிண்ணாக்கு விலை ஏறினால் முன்கூட்டியே பலகையில் எழுதிப் போடுவேன். ஆறு வாரத்தில் முதல் மாடு ஈனும், சீம்பால் வேண்டுமென்றாலும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.

தண்ணீர் கலக்கிறோமோ என்று ஒருவர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். பால்மானி கல்லாப் பக்கத்தில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கலாம். 1.028-க்குக் கீழே காட்டினால் போத்தலும் காசும் உங்களுக்கே. கறந்த சூட்டோடு விட்டுப் பார்த்தால் தப்பாகக் காட்டும், ஆறின பிறகு பாருங்கள்.

இன்னொன்று. பழைய பாதையிலோ, கிணற்றடியிலோ, தென்னந்தோப்பிலோ எடுத்த படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் ஒரு நாளைக்குக் கடன் கொடுங்கள். அந்தப் பாதையில் எத்தனை வருஷமாக ஜனம் நடந்தது என்று காட்ட எங்களிடம் இருப்பது இரண்டே படம், அதில் ஒன்றில் மாடுதான் பாதி இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நகல் எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவேன்.

காலிப் போத்தல்களைக் கழுவிக் கொண்டு வாருங்கள். ஒரு போத்தலுக்கு 50 சென் கழித்துக்கொள்வேன்.

அன்புடன்,
பால் கடையிலிருந்து, மூத்த பேத்தி
சிலியாவ்