தாராவித் தமிழ்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஏழாம் வகுப்பு உன் கைக்குள் அடங்கவில்லை என்றும், பிரம்பில்லாமல் தாராவிப் பிள்ளைகளிடம் காலம் தள்ள முடியாது என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது; ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு.

ஜேக்கப் கூனின் (Jacob Kounin) என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒழுங்காக நடக்கும் வகுப்பின் ஆசிரியரும் கூச்சலான வகுப்பின் ஆசிரியரும், குறும்பு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. வகுப்பு முழுவதன் மீதும் ஒரு கண் வைத்திருப்பதிலும், பாடத்தைத் தொய்வின்றி நகர்த்துவதிலும்தான் வேறுபட்டார்கள் என்பது அவர் கண்டது. என் அனுபவமும் அதுவே.

சத்தம் பெரும்பாலும் பாடத்தின் நடுவில் பிறப்பதில்லை. மராத்திப் பாடவேளை முடிந்து நோட்டு மாற்றும்போதும், நீ முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதும்போதும்தான் பிறக்கிறது. பிள்ளைகள் உட்காருவதற்குள் பலகையில் மூன்று கணக்குகள் இருக்கட்டும். அவர்கள் போட்டுக்கொண்டிருக்கும்போதே வருகைப் பதிவேட்டை முடித்துவிடு. எழுதும்போது பாதி உடல் வகுப்பைப் பார்த்திருக்கட்டும். கடைசி பெஞ்சில் ரப்பர் எறிபவனின் பெயரைச் சொல்லி அதட்டாதே. பாடத்தை நிறுத்தாமல் நடந்து போய், அவன் புத்தகத்தில் படிக்க வேண்டிய வரியின் மேல் விரலை வைத்துவிட்டு நகர்ந்துவிடு. கண்டிக்க வேண்டியிருந்தால் மணியடித்தபின், தனியாக.

வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் பாடநூல் தமிழோடு மராத்தியும் என்று வளரும் பிள்ளைகள் இவர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், மூன்று விநாடி பொறுத்தாலே விடைகள் நீள்கின்றன, அதிகம் பேர் வாய் திறக்கிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் காட்டினார். நம் பிள்ளைகளுக்கு அந்த விநாடிகள் இன்னும் கூடுதலாகவே வேண்டும். வாசிக்கத் தடுமாறுபவன், மக்கு என்று பெயரெடுப்பதைவிட வாலு என்று பெயரெடுப்பதே மேல் என்று முடிவு செய்துவிடுகிறான். நாமோ அவன் சேட்டையை மட்டும் பார்த்துவிட்டு அவன் அம்மாவுக்குப் போன் செய்கிறோம். நல்லதைச் சொல்லவும் ஒருமுறை செய்.

இந்த வாரம் அந்தக் கடைசி பெஞ்சுப் பையனைத் தனியே உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேள். எந்த வகுப்புப் பாடம்வரை அவனால் திக்காமல் வாசிக்க முடிகிறது என்று எனக்கு எழுது; அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா