டிராமைக் குறைப்பதற்கு முன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் செய்தால் "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் இந்தக் கடிதம். புது சர்வரில் டிராமை, அதாவது சிபியு பக்கத்திலேயே இருக்கும் வேகமான மெமரியைப் பாதியாக்கி, மீதியை சிஎக்ஸ்எல் கார்டில், அதாவது தனி இணைப்பில் சற்றுத் தள்ளி இருக்கும் மெமரி கார்டில் வைக்கப் போகிறாய் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். இத்தனை வருடம் சர்வர்களோடு மல்லுக்கட்டியவள் வீட்டிலேயே இருக்கிறேன், என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

யோசனை நல்ல யோசனை. கேட்டதும் பெருமையாக இருந்தது. சர்வர் செலவில் மெமரி பெரிய பங்கைத் தின்கிறது, அதில் பாதிக்கு மேல் யாரும் தொடாமல் கிடக்கும் இடங்களும் உண்டு. பக்கத்து டிராமை எட்ட ஏறத்தாழ 100 நானோசெகண்ட் என்றால் சிஎக்ஸ்எல்லுக்கு அதைப்போல இரு மடங்கு ஆகும். எஸ்எஸ்டி டிஸ்க் வரை போனால் பல்லாயிரம். நடுவில் இப்படி ஒரு படி வேண்டியதுதான். கழற்றி வைத்த பழைய தலைமுறை டிடிஆர்4 மெமரியைக்கூட அந்தக் கார்டில் பயன்படுத்தலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆனால் சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதே. பெரிய டேபிளை வரிசையாகப் படிக்கும் வேலையில் சிபியு அடுத்ததை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும், தாமதம் தெரியாது. இண்டெக்ஸில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குத் தாவும் வேலை அப்படி இல்லை. முதல் விலாசம் வந்தால்தான் அடுத்தது தெரியும். ஒவ்வொரு தாவலும் சிஎக்ஸ்எல்லில் விழுந்தால் தாமதம் கூடிக்கொண்டே போகும். சராசரி அழகாக இருக்கும், 99-ஆம் சதமானம் எகிறும், அதாவது நூறில் ஒரு கோரிக்கை மட்டும் மிகவும் தாமதமாகும். ராத்திரியில் உன்னை எழுப்பப் போவது அந்த 99 தான்.

மெமரியின் போக்குவரத்தை லினக்ஸ் எண்ணி வைக்கும் விஎம்ஸ்டாட் எண்களைப் பார். லினக்ஸ் 5.15-இல் ஆறிய பக்கங்களை, அதாவது சமீபத்தில் யாரும் தொடாத மெமரித் துண்டுகளைக் கீழே சிஎக்ஸ்எல்லுக்கு இறக்கும் வசதி வந்தது, 5.18-இல் அடிக்கடி தொடும் சூடானவற்றை மேலே டிராமுக்கு ஏற்றும் வசதி. ஏறியதும் இறங்கியதும் போட்டி போட்டு ஓடினால் ஒரே பக்கங்களே மேலும் கீழும் அலைகின்றன, டிராம் போதவில்லை என்று வைத்துக்கொள். மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடும் நாளிலும் அளந்து பார், சாதாரண நாள் போதாது. மறுபடியும் சொல்கிறேன், சராசரியைப் பார்க்காதே.

இன்னொன்று. ஆப்டேனை மறந்துவிடாதே. இன்டெல் 2019-இல் அந்த மெமரியை, டிராம் செருகும் டிஐஎம்எம் ஸ்லாட்டிலேயே போடும்படி கொண்டுவந்தது, மின்சாரம் போனாலும் டேட்டா இருந்தது. எனக்கு அதன் மேல் உண்மையான ஆசை. 2022-இல் கைவிடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கென்றே புரோகிராமை வளைத்து எழுதியவர்கள் பாடு திண்டாட்டம். எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிந்தவரை லினக்ஸின் மையமான கெர்னலிடம் விடு. நாளை கார்டு மாறினாலும் உன் கோடு நிற்க வேண்டும்.

டிராமைக் குறைக்கச் சொன்னது யார் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்த முடிவின் கீழே உன் பெயர் மட்டும் இருக்கிறது என்றால் எனக்குத் தூக்கம் வராது. அளந்த எண்களை மெயிலில் போட்டு வை, மேலே இருப்பவர்களும் பதில் எழுதட்டும். முதலில் சில மெஷின்களில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல். அவசரம் என்பார்கள். என்றாலும் சொல்.

உன் குரல் சரியில்லை என்று அக்கா சொன்னாள். வேலை அலுப்பாக இருக்கும் என்றேன். அப்பாவும் அதையே சொன்னார், பிறகு இரண்டு முறை உன் நம்பருக்குப் போன் போட்டார்.

ரிப்போர்ட் ஓடிய நாளின் 99 கிராஃபை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன், சேர்ந்து பார்ப்போம். எடுத்துப் பேசு.

அன்புடன்,
அம்மா