கால்வாயில் எங்களைக் கரை சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன சனிக்கிழமை இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில், கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு நாள் வாடகைக்கு நேரோபோட் என்னும் நீண்டு ஒடுங்கிய படகை எடுத்துப் போன நால்வர் நாங்கள்: நான், மனைவி, எட்டு வயது மகள், திருச்சியிலிருந்து வந்திருக்கும் அம்மா. நால்வருக்கும் படகு ஓட்டத் தெரியாது. அப்படியும் படகும் நாங்களும் முழுசாகத் திரும்பினோம் என்றால் அது உங்களால்தான். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பது தெரியும். ஆனாலும் மனசாரச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் வருகிறது.

பிலிஸ்வொர்த் ஊர்ப் பக்கம் படகுச் சாவி கொடுத்த பெரியவரே, சுக்கானின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும் என்று மூன்று தடவை சொன்னீர்கள். பத்தே நிமிடத்தில் மறந்துவிட்டு நாணலுக்குள் புகுந்து சேற்றில் தட்டி நின்றேன். அப்போது நாயோடு நடந்து வந்தவர், "ரிவர்ஸ் போடுங்கள், எல்லோரும் ஆழமான பக்கமாகப் போய் நில்லுங்கள்" என்றார். நின்றோம், படகு ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாக விடுபட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை ஐயா, மன்னிக்க வேண்டும்.

அடுத்து, கரையில் கட்டியிருந்த பச்சைப் படகின் அம்மணிக்கு. மணிக்கு நான்கு மைல்தான் உச்சவேகம் என்பதால், நான்கில் போனால் தப்பில்லை என்று நினைத்துவிட்டேன். கட்டிய படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறைக்க வேண்டுமாம். உங்கள் படகு ஆடி, கையிலிருந்த தேநீர் கொட்டியது. திட்டாமல், உள்ளங்கையைத் தாழ்த்தி "மெதுவா, மெதுவா" என்று சைகை மட்டும் காட்டினீர்கள்.

பிலிஸ்வொர்த் சுரங்கத்தில் எதிரே வந்த தம்பதிக்குத் தனி நன்றி. 2,813 மீட்டர் நீளம், கும்மிருட்டு, காற்றுத் துவாரங்களிலிருந்து தலையில் சொட்டும் தண்ணீர். அம்மா குடையை விரித்துக்கொண்டார். 1805இல் திறந்த இந்தச் சுரங்கத்தில் படகை இழுக்கும் குதிரை நடக்கப் பாதை கிடையாது; அந்தக் காலத்தில் ஆட்கள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்களாம். எனக்கோ இன்ஜின் இருந்தும் கை நடுங்கியது. உங்கள் விளக்கைக் கண்டதும் ரயிலே வருகிறது என்று மகள் அலறினாள். நீங்கள் சுவரோரம் ஒதுங்கி, எங்களைச் சிரித்தபடி போகவிட்டீர்கள். லேசாக உரசியது என் தவறுதான்.

ஸ்டோக் புரூர்ன் ஊரில், படகை ஏற்றி இறக்கும் கதவு போட்ட நீர்த்தொட்டியான லாக்கில் இருந்த தன்னார்வலரே, உங்களைப் பற்றித்தான் வீட்டில் இன்னும் பேச்சு. அங்கே ஏழு லாக்குகள் இருந்தாலும் நாங்கள் அவற்றின் வழியே படகைக் கீழே இறக்கவில்லை, மேல் லாக்கில் வேடிக்கை பார்க்கத்தான் நின்றோம். கீழேயிருந்து ஒரு படகு உள்ளே வந்திருந்தது. நீங்கள் மகளிடம் இரும்புக் கைப்பிடியைக் கொடுத்து, கூடவே பிடித்துச் சுற்ற வைத்தீர்கள். அடியில் மதகு திறந்து தண்ணீர் நுரைத்துப் புகுந்தது. படகு லிஃப்ட் மாதிரி ஏறியது. அம்மா பொறுக்காமல் கதவின் நீண்ட மரத்தண்டைத் தள்ளிப் பார்த்தார்; அசையவே இல்லை. இருபுறமும் நீர்மட்டம் சமமாகும் வரை பத்து பேர் தள்ளினாலும் திறக்காது என்றீர்கள். பிறகு அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகைத் தண்டில் சாய்த்து, தரையில் பதித்த செங்கல் விளிம்பில் காலை ஊன்றக் காட்டினீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா பின்னால் சாய்ந்தார். அந்தப் பெரிய கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. திருச்சிக்கு அன்றிரவே போன் போய்விட்டது, "நான்தான் திறந்தேன்" என்று.

திரும்பும் வழியில் பச்சைப் படகு கண்ணில் பட்டதும் எனக்கு முன்னால் அம்மா முந்திக்கொண்டார்: "டேய், மெல்லப் போ, அவங்க டீ குடிக்கிறாங்க!" இன்ஜின் உறுமல் அடங்கி, ஊர்ந்து கடந்தோம். அம்மணி கோப்பையை உயர்த்திக் காட்டினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்புடன்,
நாணலுக்குள் புகுந்த படகுக்காரர்கள்