இரண்டு வேலை, அரை நோய்க்காலப் பணம்: இ.எஸ்.ஐ. கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கும், அவரைத் தலைவராகக் கொண்டு இயங்கும் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நோய்க்கால உதவித்தொகை யாருக்கு, எத்தனை நாளுக்கு, எந்தக் கணக்கில் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விதிகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டுகிறவரின் தலையில் அந்த விதிகள் எப்படி வந்து விழுகின்றன என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். நான் ஓய்வு பெற்ற பழைய சங்கத்துக்காரன். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் இ.எஸ்.ஐ., பி.எஃப். என்று எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவதற்கு என்னிடம் கொண்டுவருவார்கள். சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு நிரப்பிக் கொடுத்த ஒரு படிவம்தான் இந்த மடலை எழுத வைத்தது.

எதிர்வீட்டுப் பெண் காலை ஆறு மணிக்கெல்லாம் பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் கீழ் துப்புரவு வேலை. கழுத்தில் மாட்டிய அட்டையில் ஹவுஸ்கீப்பிங் என்று போட்டிருக்கும். பகல் ஒரு மணிக்கு அது முடிந்து, வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு, மூன்று மணிக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு துணிக்கடைக்குப் போவார். இரவு ஒன்பது வரை நைட்டியும் உள்பாவாடையும் பிரித்துக் காட்டி, வாங்காமல் போனவர்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் மீண்டும் மடித்து அடுக்க வேண்டும். காலை வேலைக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய், மாலை வேலைக்கு 230. காலைச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். ஒப்பந்ததாரர் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். கடையில் பத்துப் பேர் இல்லை. அதனால் அங்கே இ.எஸ்.ஐ.யும் இல்லை.

அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருத்துவர் கீழிமையை இழுத்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, கட்டாயம் ஓய்வு வேண்டும் என்று சான்றும் அளித்தார். மருத்துவரிடம் ஒரு குறையும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை சான்றைப் புதுப்பிக்க, ரயில்வே கேட் திறக்கும் வரை வெயிலில் நின்று போய்வந்ததைக்கூட அந்தப் பெண் குறையாகச் சொல்லவில்லை. பணத்தைக் கணக்குப் பார்த்தபோதுதான் இருவரும் பேச்சற்றுப் போனோம். முதல் இரண்டு நாளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாளிலிருந்து 300 ரூபாயில் 70 சதவீதம், அதாவது 210 ரூபாய். அந்த வீட்டுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்தது 530 ரூபாய். 70 சதவீதம் தருகிறோம் என்று நீங்கள் சொல்வது, அந்த வீட்டு அரிசிப் பானைக்குள் போகும்போது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காமாலை வந்த ஈரலுக்குக் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்ற வேறுபாடு தெரியாது, ஐயா. உங்கள் கணக்குக்கு மட்டும்தான் தெரிகிறது.

இரண்டாம் வாரத்தில் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்: துணி எடுத்துக் காட்ட வேண்டாம், மாலையில் வந்து உட்கார்ந்து பில் போட்டால் போதும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று. “அண்ணா, உக்காந்து பில்லு போடற வேலதானே, போய்ட்டு வந்துடட்டுமா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். போகக் கூடாது என்று சொல்ல வேண்டியவனாக நான் இருந்தேன். ஏனென்றால் 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 63ஆம் பிரிவு வகுத்த விதிப்படி, வேலை செய்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது; அந்த வேலை இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டதா இல்லையா என்பதைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. கடைக்குப் போனால் 230 ரூபாய், படுத்திருந்தால் 210 ரூபாய். காமாலையோடு போய்க் கல்லாப்பெட்டி அருகே உட்காருவதே இருபது ரூபாய் லாபம் என்று சட்டமே ஒரு நோயாளிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

இங்கேதான் என்னால் பொறுக்க முடியவில்லை. உதவித்தொகையைக் கணக்கிடும்போது அந்த மாலை வேலை உங்கள் கண்ணில் படுவதில்லை. உதவித்தொகையை மறுக்கும்போது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். இரண்டாவது வேலையும் வேலைதான் என்றால், அதன் கூலியையும் சேர்த்து 70 சதவீதம் கொடுங்கள்.

அந்தப் பெண் கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் சொன்னபடியே வேறு ஆளை வைத்துக்கொண்டார். நோயுற்றிருக்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற உங்கள் சட்டப் பாதுகாப்பு காலை வேலைக்கு உண்டு. மாலை வேலையை அது எட்டவில்லை. நம் மாநிலத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு என்று 1947லிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள்தான். எம்.சி. ரோட்டில் ஏதாவது ஒரு சிறு கடையில் போய் அதைக் கேட்டுப் பாருங்கள், மனம்விட்டுச் சிரிப்பார்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இரண்டு இடத்திலும் இருந்தால் மட்டும் தப்பித்துவிட முடிகிறதா? மணலி பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளில் வாரம் மூன்று நாள் ஓர் ஒப்பந்ததாரரிடமும், மீதி மூன்று நாள் இன்னொரு ஒப்பந்ததாரரிடமும் காவல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாமவர் பழைய காப்பீட்டு எண்ணைக் கேட்காமலே புது எண் போட்டுவிடுகிறார். உதவித்தொகைக்குத் தகுதி பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இருபத்தாறு வாரத்தை மூன்றால் பெருக்கினால் சரியாக 78 வரும். தீபாவளிக்கு இங்கே ஒரு நாளும் பொங்கலுக்கு அங்கே ஒரு நாளும் போகாதவருக்கு இரண்டு எண்ணிலும் 77தான். ஆக 154 நாள் உழைத்து, இரண்டு இடத்திலும் சந்தா கட்டியவர் ஒரு நாள் உதவிக்கும் தகுதியற்றவர் ஆகிவிடுகிறார். ஆதார் எண்ணை இணைக்கச் சொல்லும் கழகத்துக்கு, ஒரே ஆதாரில் நிற்கும் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்ப்பது அவ்வளவு பெரிய வேலையா?

ஆசைக்காக யாரும் இரண்டு வேலைக்குப் போவதில்லை. எட்டு மணி நேர வேலை ஒன்றை முழுச் சம்பளத்துடன் கொடுக்க ஆள் இருந்தால், அந்தப் பெண் ஏன் இரவு ஒன்பதரை மணிக்குப் பேருந்துக்கு நிற்கப் போகிறார்? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பின்னி துணி ஆலை இருந்த காலத்தில் ஒரு மனிதருக்கு ஒரு வேலை, ஒரு ஆலைச் சங்கு. இன்று ஒரே ஆளின் நாளை இரண்டாக வெட்டி இரண்டு பேர் வாங்குகிறார்கள். நோய் வந்தால் இருவருமே பொறுப்பில்லை. 2019 ஜூலையில் மொத்தச் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்து முதலாளிகளின் சுமையை இறக்கினீர்கள், மகிழ்ச்சி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும்கூட, முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் விரும்பினால் சேரலாம் என்கிறீர்கள், அதற்கும் மகிழ்ச்சி. விரும்பி வரிசையில் நிற்கும் கடைக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். செலவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 230 ரூபாய்க்குத் தொழிலாளியின் பங்கு ஒன்றே முக்கால் ரூபாயைத் தொடவில்லை; கடைக்காரரின் பங்கு ஏழரை ரூபாய்க்குள் அடங்கிவிடும். இரண்டையும் கூட்டினாலும் ஒரு டீக்கு ஆகாது. அந்தப் பெண்ணின் இரண்டு சம்பளத்தையும் சேர்த்தாலும் நீங்கள் 2017 முதல் வைத்திருக்கும் 21,000 ரூபாய் உச்சவரம்பின் பக்கத்தில்கூடப் போகாது.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். ஏற்கெனவே காப்பீடு பெற்ற ஒருவர் இன்னோரிடத்திலும் வேலை பார்த்தால், அங்கே எத்தனை பேர் வேலை செய்தாலும் அந்த ஒருவருக்காகச் சந்தா வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வேலையின் நாட்களையும் ஒரே எண்ணில் கூட்டி 78ஐ எண்ணுங்கள். இரண்டு வேலையின் கூலியையும் கூட்டி அதில் 70 சதவீதம் கொடுங்கள். அதுவரை, குறைந்தபட்சம், உங்கள் காப்பீடு எட்டாத வேலையைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தாதிருக்க ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு தமிழில் எழுதி, வடசென்னை டிஸ்பென்சரிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். சான்று வாங்க வரிசையில் நிற்பவர்கள் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படிவம் நிரப்பித் தரும் ஒரு பழைய சங்கத்துக்காரன்,
கொருக்குப்பேட்டை, சென்னை